பிளட்ரூட் பூவும் என் முழங்காலும்

மில்லிக்கன்
மே 4

அன்பு மகள் துவாரகாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், நீயும் ஹலிபக்ஸில் சுகமாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் போன் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம். முதலில் முக்கியமான செய்தி. மூன்று நாள் ஆலோசனைக்குப் பின், அம்மாவுக்கு ஒரு சோடி றப்பர் பூட்ஸ் வாங்குவதென்று ஏப்ரல் பதினாறாம் திகதி இந்த வீடு தீர்மானித்தது. கறுப்பா பச்சையா என்பதில் கடும் கருத்து வேறுபாடு இருந்தது, பச்சை வென்றது. பூட்ஸ் வாங்கக் காரணம் நீதான். மூன்று வருடமாக அம்மா அழைத்தால் நீ எடுப்பதில்லை, ஆனால் காட்டுப் பூ ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினால் அதன் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறாய். இதுவரை பதினொரு பெயர் வந்திருக்கிறது, அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூட நாளில் நம் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ரூஜ் காடெல்லாம் அலைந்தும் உனக்குப் படம் எடுக்கக் கிடைக்காத பிளட்ரூட்டை அனுப்பினால் பெயருக்கு மேலே இன்னும் ஒரு சொல்லாவது வரும் என்று நம்பினார். மரங்கள் இலை விடுமுன் வெள்ளையாக விரிந்து இரண்டு நாளில் கொட்டிவிடுகிற பூ. நாங்கள் அந்தக் காட்டுக்குப் போன முதல் சனிக்கிழமை பனி கிடந்தது. அடுத்த சனி வெயில் படும் பக்கத்தில் இதழெல்லாம் கொட்டி வெறும் காம்பு நின்றது, அதையும் அம்மா படம் எடுத்தார். நேற்றுமுன்தினம் நிழலான சரிவொன்றில் ஒரேயொரு பூ விரிந்திருந்தது. காற்று விடவில்லை, நான் முழங்காலில் நின்று என் ஜக்கெற்றை விரித்துப் பிடித்தேன், அம்மா பதினான்கு படம் எடுத்து நல்லதை அங்கிருந்தே அனுப்பினார்.

வீடு திரும்பும் பாதி வழியில் உன் பதில் வந்தது. பூவின் பெயர் இல்லை. "அப்பாவின்ர முழங்கால் மாறீட்டுதோ?" என்று இருந்தது. படத்தின் மூலையில் என் இரண்டு முழங்காலும் சேற்றில் ஊன்றியபடி தெளிவாக விழுந்திருந்தன. அம்மா வாசித்துவிட்டு, "உந்தக் கால் காட்டுக்கு வரும், மகளின்ர கலியாணத்துக்குத்தான் வராது" என்றார்.

உன் கலியாணத்துக்கு வர முடியாததற்கு முழங்கால் நோ என்றேன், விமானத்தில் இரண்டு மணித்தியாலம் காலை மடக்கி இருக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதாகவும் சொன்னேன். டொக்டரை நான் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை மிதுனனின் தகப்பன் ஊரில் என்ன சாதி என்று விசாரித்தேன், அதுதான் காரணம். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அன்ரி போன்றவர்கள் கேட்டால் என்ன சொல்வதென்று பயந்து அம்மாவையும் போகவிடவில்லை. அன்ரி இந்த மூன்று வருடத்தில் கேட்டது ஒன்றுதான், பிள்ளை சுகமோ என்று.

நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு முகமில்லை. அம்மாவையாவது கூப்பிடு, தனியாக வருவார், வரமாட்டேன் என்று சொன்னது அவரல்ல. அங்கே மே மாதமும் கடல் காற்றுக் குளிராம், காதை மூடிக்கொள். வீட்டில் புகை வந்தால் அடிக்கிற எச்சரிக்கை மணிக்குப் பற்றரி மாற்று. நீயும் மிதுனனும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். மிதுனனிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல். அம்மாவின் அழைப்பை ஒருமுறை எடு.

அப்பா
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு: முகவரி கேட்டு அம்மா அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. கலியாண அழைப்பிதழின் உறையில் இருந்த முகவரிக்கே இதை அனுப்புகிறேன். அந்த வீட்டிலிருந்து நீங்கள் போன வருடம் மாறிவிட்டதாகக் கேள்வி.