கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது

20 ஜனவரி 2023

இன்றோடு நானும் அரசியல்வாதி. பிரதேச சபைத் தேர்தலுக்கு வேட்புமனுவில் கையெழுத்து வைத்துவிட்டேன். பதினொரு வருடமாகப் பிரதேச செயலகக் கந்தோரில் மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் பிழை பிடித்தவன், முதல் தடவையாக என் விண்ணப்பத்தை நீட்டினேன். கட்சி அமைப்பாளர் விஜிதரன் தோளில் தட்டி, "தம்பி, நம்மட கட்சிக்கு இளம் ரத்தம் வேணும்" என்றார். முப்பத்து நான்கு வயது ரத்தம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் ஏன்?

அரச உத்தியோகத்தன் என்பதால் தேர்தல் முடியும் வரை சம்பளமில்லாத லீவு. மார்ச் ஒன்பதாம் திகதி தேர்தல். ஏழு கிழமைதானே. மனைவி மேனுகா தையல் மெஷினை விட்டு எழும்பாமலே கேட்டாள்: "தோத்தா?"

"அடுத்த நாளே கந்தோர்."

"வெண்டா?"

"மெம்பர்."

2 மார்ச் 2023

வாக்குச்சீட்டு அச்சடிக்கக் காசில்லையாம். தேர்தல் தள்ளிப்போகிறது. என் போஸ்டர் மட்டும் அச்சடித்தாகிவிட்டது.

11 மே 2023

தோற்றால் என்ன, வென்றால் என்ன என்று யோசித்தோம். நடக்காவிட்டால் என்ன என்று ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை?

கந்தோருக்குப் போய், திரும்பி வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க இன்னும் வேட்பாளர்தானே சேர், வேலை செய்ய ஏலாது." தேர்தல் எப்போது? "அது எங்களுக்குத் தெரியாது சேர்." தோற்றவனுக்குக்கூட இந்த நாட்டில் ஒரு கதிரை உண்டு.

எங்கள் ஊர்ப் பெரியகல்லாற்றுச் சனம் மட்டும் தேர்தலுக்காகக் காத்திருக்கவில்லை. சந்தியில் எல்லோருக்கும் நான் மெம்பர். ஒரு வாக்கும் விழாமல் பதவிக்கு வந்த ஆள். மேனுகா மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு நான் எப்போதும் போல "இஞ்சேருங்க". வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய மெஷினால். எப்படியும் கூப்பிடும் உரிமை அவளுக்கு உண்டு. பிளவுஸ் வெட்டுவதற்கு என் போஸ்டரின் பின்பக்கத்தில்தான் அளவு கீறுகிறாள். நல்ல தடித்த கடதாசியாம்.

4 ஜூலை 2023

அஸ்வெசும நிவாரணக் காசு கிடைக்காதவர்களின் மேன்முறையீடு. காலையிலிருந்தே வாசலில் வரிசை. படிவம் நிரப்புவது நான், விசாரிப்பது மேனுகா. என்னிடம் சொல்லாததையெல்லாம் பெண்கள் அவளிடம் சொல்கிறார்கள்.

கடைசியாக வந்தவர் புஸ்பம் அக்கா. துறையடியில் குடியிருந்து வாவியில் இறால் பிடிக்கிறவர். அவருக்குப் படிவம் வேண்டாம். துறைக்குப் போகிற ஒழுங்கையை யாரோ முள்ளுக்கம்பி போட்டு அடைத்திருக்கிறார்களாம். அரச காணி.

"கூடையையும் தூக்கிக்கிட்டு இந்தக் காலோட மெயின் ரோட்டால சுத்தி வாறன் மெம்பர். கேக்க ஆளில்லையா?"

"நான் இரிக்கன்தானே அக்கா."

வாய்! கடிதம் எழுதி என் கந்தோரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

4 ஆகஸ்ட் 2023

பதில் வந்தது. "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது." என்ன அருமையான வசனம்! அதை அந்தக் கணினியில் எழுதிச் சேமித்து வைத்தவனே நான்தான். பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். இப்போது என் கதிரையில் இருக்கிற டினுஷா, பாவம், திகதியை மாற்ற மறந்துவிட்டாள். போன வருடமே என்னைக் கவனத்தில் எடுத்திருக்கிறார்கள்.

பதினொரு வருடத்தில் எத்தனை பேருக்கு இதை அனுப்பியிருப்பேன்? அவர்களும் உறையைப் பிரித்து, ஒரு நிமிடம் நம்பியிருப்பார்களா? வெட்கமாக இருக்கிறது.

புஸ்பம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வேலி?" என்றார்.

18 செப்டம்பர் 2023

சுற்றுநிருபம் வந்திருக்கிறது. போட்டியிடும் இடத்துக்கு வெளியே வேலை செய்யலாமாம். எனக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. காலையில் உத்தியோகத்தர், பின்னேரம் மெம்பர். தோணியில் இருக்கும்போது இரண்டும் இல்லை. அந்த நேரம்தான் நிம்மதி.

24 நவம்பர் 2024

ஜனாதிபதித் தேர்தல் முடிந்தது. பாராளுமன்றத் தேர்தலும் முடிந்தது. அதற்கெல்லாம் கடதாசி கிடைத்திருக்கிறது.

வேலி பற்றி ஐந்தாவது கடிதம் போட்டிருந்தேன். ஐந்தாவது முறையும் கவனத்தில் எடுத்திருக்கிறார்கள். வேலிக்காரர் யாரென்று இன்றுதான் தெரிந்தது: விஜிதரனுடைய மச்சான். ஹோட்டல் கட்டப்போகிறாராம். கொஞ்ச நேரத்தில் விஜிதரனே போன் எடுத்தார்.

"வேலிய விட்டுட்டுத் தேர்தலப் பாரு தம்பி."

எந்தத் தேர்தலை?

12 மார்ச் 2025

பழைய வேட்புமனுக்கள் ரத்து. புதிதாகக் கேட்கிறார்கள். விஜிதரன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சட்டம் மாறிட்டு தம்பி. பட்டியல்ல பெண்களும் இளைஞரும் இத்தின பேர் வேணுமெண்டு கணக்கு. இளைஞர் எண்டா முப்பத்தஞ்சுக்குள்ள."

எனக்கு முப்பத்தாறு. கட்சிக்குக் கொடுத்த இளம் ரத்தம் காத்திருந்தே நரைத்துவிட்டது. வேலிக் கடிதங்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவ்வளவு நாகரிகம். பிறகு மெஷின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சிக்கு எத்தின வயசு?"

முப்பத்து மூன்று. பெண்ணும் ஆச்சு, இளைஞரும் ஆச்சு.

"சும்மா பேருக்குத்தான். தங்கச்சி கையெழுத்த மட்டும் வெச்சாக் காணும்."

மேனுகா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்காகவா? இல்லை, பொறாமை. இரண்டு வருடம் நான் காத்துக்கிடந்த இடம்! இங்கே எழுதாமல் வேறு யாரிடம் சொல்வது? "உன்ட விருப்பம்" என்றேன், செத்த வீட்டுக் குரலில்.

அவள் பத்திரம் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள். அதற்குள் விஜிதரன் மூன்று தடவை மணி பார்த்தார்.

7 மே 2025

வென்றுவிட்டாள். நாற்பத்தொரு வாக்கு வித்தியாசம். ஒரு மேடையும் ஏறவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வீடு வீடாகப் போனாள். படிவத்துக்கு வந்த பெண்களெல்லாம் அவளை மறக்கவில்லை. விஜிதரன் வந்து எனக்கு மாலை போட்டார். அவளுடைய கதிரையில் நான்தான் உட்காரப்போகிறேன் என்ற நினைப்பு. எனக்கும் கொஞ்சம் அந்த நினைப்பு இருந்தது.

16 ஜூன் 2025

இப்போது நான் வேட்பாளன் இல்லை; போன கிழமையிலிருந்து என் பழைய கந்தோர், என் பழைய கதிரை. இன்றைய தபாலில் பிரதேச சபை முத்திரையோடு ஒரு கடிதம். "துறையடி ஒழுங்கையில் அரச காணியை அடைத்துள்ளமை." கீழே, மேனுகா உதயரூபன், உறுப்பினர். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் சோறு கட்டித் தந்தவள் அவள்தான்.

கணினியைத் திறந்தேன். அந்த வசனம் அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றினேன். திகதியை மாற்றினேன். அப்ப வேலி?

எல்லாவற்றையும் அழித்தேன். கோப்பைத் தேடி எடுத்தேன். உள்ளே என் ஐந்து கடிதங்களும் கசங்காமல் கிடந்தன. நேரே காணி உத்தியோகத்தரிடம் கொண்டுபோனேன். வேலிக்காரரின் பெயரைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது விஜிதரன்ட ஆக்கள்ட வேலியெல்லோ? திரும்பியும் வாவியக் கடந்து வேலைக்குப் போக ஆசையா?"

"எனக்குப் பழக்கந்தான் சேர்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு நாளைக்குக் காலையில் அளக்கலாம் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மேனுகா மெஷினை மிதித்தபடியே கேட்டாள், "என்ட கடிதத்துக்கு என்ன பதில் போட்டீங்க?"

"பதில் போடல்ல. நாளைக்கு அளக்க வாறாங்க."

மெஷின் நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப புஸ்பம் அக்காக்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க, மெம்பர்."

போனேன். வேலி இன்னும் நிற்பதால் மெயின் ரோட்டால் சுற்றித்தான் போனேன்.