நான் எழுதிக் கொடுத்த ராஜினாமா

மில்லு பர்சனல் ஆபீசர் சூசைராஜ் அவர்களுக்கு, உங்க பொண்டாட்டி ஐரின் எழுதுறது.

சோறு வடிச்சு மூடி வச்சிருக்கேன். நேத்து வச்ச புளிக்குழம்புதான், சூடு பண்ணிக்கங்க. வெஞ்சனம் இல்ல. செய்யிற மனசும் இல்ல.

போன மாசம், "நீ தமிழ் டீச்சர்தான, ராஜினாமாவுக்கு ஒரு மாடல் அழகா எழுதிக் குடு"ன்னு கேட்டீங்க. யாரோ ஒருத்தருக்குன்னு நெனச்சுக் குடுத்தேன். நேத்து சாயந்தரம் உங்க மில்லுல வேல பாக்குற ஜெயமேரி அக்கா வந்து அழுதாங்க. பொம்பளைங்க அத்தன பேரையும் ரூம்ல உக்கார வச்சு, போனைப் புடுங்கிக்கிட்டு, இதப் பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் கதவத் தொறப்பேன்னீங்களாம். எல்லார் லெட்டர்லயும் கடைசியில "தாய்வீடு போன்ற ஆலைக்குக் கண்ணீருடன் நன்றி"ன்னு இருக்கு. அது என் வரி. அம்புட்டுப் பேரும் சொந்த விருப்பத்துல ஒரே வரியவா எழுதுவாங்க?

மிரட்டி வாங்குன ராஜினாமா செல்லாது, வேலைய விட்டு நீக்குனதாத்தான் அர்த்தம்னு சங்கத்து வக்கீல் சொல்றார். அந்தப் பொம்பளைங்க கூட லேபர் ஆபீசுக்குப் போறேன். நான்தான் சாட்சி.

வெளிய போனா சாவிய எதிர்வீட்டு சபிஹாகிட்ட குடுங்க. புள்ள ரீனா ஸ்கூல் விட்டு வருவா.

பி.கு.: பிரஷர் மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்கு, மறக்காமப் போடுங்க.

இன்னொண்ணு. உங்ககிட்டயும் எழுத்துல விளக்கம் கேப்பாங்களாம். மாடல் கேட்டு எங்கிட்ட வராதீங்க.