கூண்டைத் தூக்கும் கொக்கி

கல்மண்டபம், ராயபுரம்
7.8.2003

அன்பு எல்சி அக்காவுக்கு,

நாங்க நல்லாகீறோம். சாண்ட்ராவுக்கு ஏழாம் மாசம். உன் மருமவன் உள்ள உதைச்சிகினே கீறான். ஞானத்தாய் நீதான், இப்பவே சொல்லிட்டேன்.

ஒரு பேஜாரு. எங்க திருவொத்தியூர் பட்டறையிலேர்ந்து நாலு டைட்டானியம் கொக்கி உங்க சோதனைச்சாலைக்கு வந்துகீது. மூணு பேர் உக்காந்து கடலுக்கடியில எறங்குற கூண்டைத் தூக்குற கொக்கி. அடுப்புல வெச்சது நான்தான். கூண்டுக்காரங்க கேட்ட சூட்டுக்கு அறுபது டிகிரி கம்மியா வெச்சேன். இத்தினி வருசமா எஃகுல பார்த்தது அதானே? சூடு ஏறினா உலோகத்துக்குள்ள கீற பொடி மணியெல்லாம் பெருசாவும், பொசுக்குனு ஒடைஞ்சிபூடும். நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன். இழுத்துப் பார்த்தோம், ஜம்முனு நிக்குது. நீ கையெழுத்துப் போட்டுடு. இல்லாங்காட்டி மொதலாளி என்னைத் தொரத்திடுவாரு.

தம்பி
சாவியோ


ஐதராபாத்
19.8.2003

என் செல்லத் தம்பிக்கு,

சாண்ட்ராவைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

கொக்கியோடு வந்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உள்ளே அரிசிமணி மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, பாவி! எஃகுக்கு அது நல்லது. டைட்டானியத்துக்கு அந்த அறுபது டிகிரியும் ஏறினால்தான், உள்ளே பாய் முடைந்தது போல் பின்னிக்கொள்ளும். அப்போது கீறல் விழுந்தாலும் வளைந்து வளைந்து தடுமாறும். உன் மணிகளுக்குள் நேராக ஓடிவிடும். இழுத்துப் பார்ப்பதில் இது தெரியாது. கீறல் போட்டுப் பிளந்து பார்த்தேன். தாங்கவில்லையடா.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். கொக்கிகளைத் திருப்பி அனுப்புகிறோம். மறுபடி சரியான சூட்டில் வைத்தால் பிழைக்கும். நீயே போய் முதலாளியிடம் சொல்லிவிடு.

எல்சி


கல்மண்டபம்
10.9.2003

அக்காவுக்கு,

சொன்னேன். மறுபடி வைக்க நாள் இல்லைன்னுட்டாரு. வேற எடத்துல வெறுமனே இழுத்துப் பார்த்து சர்டிபிகேட் வாங்கி, கொக்கியைக் கூண்டுக்காரங்களுக்கு அனுப்பிட்டாரு. வேலை தப்பிச்சிது. இனிமே நீ வாயைத் தொறந்தா, புள்ளத்தாச்சியோட நான் ரோட்டுலதான் நிக்கணும். கை கூப்பிக் கேக்கறேன்க்கா.

சாவியோ


ஐதராபாத்
11.1.2004

என் சாவியோவுக்கு,

கூண்டுக்காரர்களுக்கு நான்தான் எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். உன் பேரைச் சொல்லவில்லை. ஆனாலும் உன் வேலை போய்விட்டதென்று சாண்ட்ரா போனில் சொன்னாள். மகள் பிறந்ததையும் அவள்தான் சொன்னாள். ஞானஸ்நானத்துக்கு நான் அனுப்பிய வெள்ளைக் கவுன் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. ஞானத்தாயாக சாண்ட்ராவின் தங்கை நின்றாளாம். நிற்கட்டும்.

கொக்கிகளைக் கழற்றிவிட்டார்கள். வெறும் கூண்டைத் தூக்கிப் பார்த்ததிலேயே ஒன்றில் கீறல் ஓடியிருந்ததாம், நேராக. இறங்க இருந்த மூன்று பேரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. உன் மகளுக்காவது அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லடா.

உன் அக்கா
எல்சி