எரிந்த படகு நின்ற இடம்

தம்பிக்கு,

நவம்பர் நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அம்மா அன்றே வான்கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டாள். "ஆறு வருஷம் முடிஞ்சுபோச்சேடி, இனி யாரு அவன்மேல கை வைக்க முடியும்?" என்கிறாள். தீவைத்த கேஸ் ஆறு வருஷத்தோடு காலாவதியாகிவிடும் என்று நம் ஒஹாயோ சட்டம் நீ எழுதியபடிதான் இருக்கிறது.

ஆனாலும் மனசு கேட்காமல் வக்கீலிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஹாலிஸோட படகு எரிஞ்சப்போ அது எங்க நின்னுச்சும்மா?"

"நம்ம ஒஹாயோ பக்கம்தான் சார். படகுத்துறைப் பலகையோட நுனியில கட்டியிருந்துச்சு."

"அப்ப தண்ணியிலதானே? இந்த நதி நம்ம கரையோரம் வரைக்கும் எதிர்க்கரை கென்டக்கி மாநிலத்துக்குச் சொந்தம்மா. அங்க இந்தக் கேஸுக்கெல்லாம் காலக்கெடுவே கிடையாது."

சின்ன வயதிலிருந்து அதில் நீந்தியும் நமக்கு இது தெரியவில்லை. கரையில் இழுத்துப் போட்டு எரித்திருக்கக் கூடாதா, முட்டாளே!

ஹாலிஸ் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எங்களுக்குப் பின்வரிசையில்தான் உட்காருகிறார். "தம்பி எப்பம்மா வர்றான்?" என்று அன்பாக விசாரிக்கிறார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறது. என்ன நிறம் வேண்டும் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள்.

நிறத்தை மட்டும் எழுதி அனுப்பு.

உன் அக்கா