ஏலாது என்று சொன்ன காலை

மச்சான்,

இன்று காலை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில், கொங்கிறீட் பம்பை முடுக்கிவிட்டார்கள். அந்த டீசல் புகை மூக்கில் ஏறியதும் உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. ஐந்தாம் மாடித் தளத்துக்கான கொங்கிறீட் சிலாப்பை இன்றைக்கே போட்டாக வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நிற்கிறார். பின்னேரம் வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி, கம்பி பாஸிடம், ஏலுமா என்று கேட்டேன். "ஹரி சேர்" என்றார், சிங்களத்தில் சரி என்று, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த "ஹரி" கொட்டாஞ்சேனையில் நம் இருவரையும் படுத்திய பாடு கொஞ்சமா? எதற்கும் ஹரி. மறுநாள் போனால் பலகை வந்திராது, ஆட்கள் தூண் நிழலில் குந்தியிருப்பார்கள். ஒப்பீஸிலிருந்து வந்த அட்டவணை சுவரில் கலர் கலராகத் தொங்கும். "சோம்பேறிக் கூட்டம்" என்று முதலாளி கத்துவார். "சும்மா இருக்கிறவன் சோம்பேறி இல்லை மச்சான், அவன்ர வேலையை நாங்கள் தயார் பண்ணேல்ல" என்றாய் நீ.

பிறகு திங்கட்கிழமைகளில் பாஸ்மாரைப் படிக்கட்டுக்குக் கீழே இருத்தி, அந்த வாரத்தை அவர்களையே சொல்ல வைத்தாய். சாமான் இருக்கா, ஆள் காணுமா, இந்த வேலைக்கு முதல் செய்ய வேண்டியவன் தன்ர வேலையை முடிச்சிட்டானா? ஒரு கேள்விக்குப் பதில் இழுத்தாலும் அந்த வேலை தள்ளிப்போகும். ஏலாது என்று சொன்னவரை ஒருவரும் ஏசக் கூடாது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அதே ஆட்களை வைத்தே வேலை ஓடியது. முதலாளிக்கு அதுவும் பிடிக்கவில்லை. "கட்டிடம் கட்டுறது நீரா, பாஸா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "பாஸ்தான் சேர்" என்று சிரித்தாய்.

நீ போனதும் கூட்டத்தை அவர் நிறுத்திவிட்டார். ஹரி திரும்பி வந்தது.

கொங்கிறீட் லொறிகள் பேலியகொடை தாண்டிவிட்டன என்று கோல் வந்தது. பாஸை ஓரமாகக் கூட்டிப்போய் உன் கேள்விகளையே கேட்டேன். கடைசிக் கேள்விக்குத் தலை குனிந்தார். கரண்ட் வேலைக்காரர் வயர்க் குழாய்களைப் பாதிதான் போட்டிருக்கிறார்கள். கொங்கிறீட் விழுந்தால் பிறகு உடைத்துத்தான் போட வேண்டும், ஏச்சு முழுக்க அவர்கள் தலையில்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, இன்றைக்குச் சிலாப் வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "லொறியைத் திருப்பினா நீரும் அதோடயே போகலாம்" என்றார். உன்னைக் கண்டேயிராத அந்த பாஸ் ஃபோன் பக்கம் குனிந்தார். "ஏலாது சேர். குழாய் வேலை முடியேல்ல. அதை முடிச்ச பிறகு கொங்கிறீட் போடுவம்."

முதலாளி கோலைக் கட் பண்ணிவிட்டார். நான் லொறிகளைத் திருப்பிவிட்டேன்.

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. உன் செத்தவீட்டில் உன் மனைவி சொன்னார், "திங்கக்கிழமையெண்டா இவருக்குப் பயம் அண்ணா. வேலைக்கு வெளிக்கிட முதல், குடிச்ச தேத்தண்ணியையும் சத்தி எடுப்பார்." நான் நம்பவில்லை. பயமே இல்லாத பிறவி என்று உன்மேல் எனக்குப் பொறாமை. அவ்வளவு பயத்தோடா மச்சான் அன்றைக்குச் சிரித்தாய்? இப்போது அந்தப் பயம் என்னிடம் இருக்கிறது. அதோடுதான் நாளைக்கும் போவேன்.