குடுமி இல்லாத கொட்டைகள்

14 செப்டெம்பர் 2024, சனி

ஊர்ச்சங்கக் கூட்டம். பரிஸ் மார்க்ஸ் டோர்மோய் தெருவில் சங்கம் வாடகைக்கு எடுக்கும் அறையில், வழக்கம்போல ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. புதுச் செயலாளர் கரிகாலன் சுவரில் படம் விழுத்திக் காட்டினான்: 'இலையுதிர்காலத்தில் ரசிக்கப் பத்து இடங்கள்.'

பத்தில் ஏழு நான் கண்டுபிடித்தவை. மொந்மார்த்தர் திராட்சைத் தோட்டத்து அறுவடை விழா. செப்டெம்பரில் இரண்டு நாள் சும்மா திறந்துவிடும் பெரிய மாளிகைகள். செந்-மார்த்தன் கால்வாயில் இலை மஞ்சளாகிற இடம். எனக்கு ரெஸ்ரோறண்ட் குசினி வேலை, கிழமைக்கு ஒரு நாள்தான் லீவு. பதினேழு வருஷமாக அந்த ஒரு நாளையும் இந்தச் சனத்தை இழுத்துக்கொண்டு திரிவதற்குக் கொடுத்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை.

"வாமண்ணை இனி ஆறுதலா இருக்கட்டும். உலாவை இளையாக்கள் நாங்கள் பாப்பம்" என்றான். சனம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள்? நான் ஆறுதலாக இருக்கப் போவதற்கா?

15 செப்டெம்பர்

சாரதா சொல்கிறாள், "அறுபத்திமூண்டு வயசு. விடுங்கோவன்." கட்டின மனுசியே இப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

22 செப்டெம்பர், ஞாயிறு

மாளிகை பார்க்கப் போயிருக்கிறார்கள். வாட்ஸப் குழுவில் நாற்பது படம். வரிசையில் இரண்டரை மணித்தியாலம் நின்றார்களாம். பக்கத்துத் தெரு வாசலால் போயிருந்தால் இருபது நிமிடம். ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மனதுக்குக் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

28 செப்டெம்பர், சனி

லா சப்பலில் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி வாங்கப் போனேன். கடைக் கண்ணாடியில் அவர்களுடைய துண்டுப் பிரசுரம். ஒக்டோபர் 6, மரத்தடியில் விழுகிற மறோன் கொட்டை பொறுக்கும் நாள். இடத்தைப் பார்த்ததும் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். நான் வழக்கமாகக் கூட்டிப்போகிற மொந்மொரான்சிக் காடு தூரமாம். எபினேயில் ஆற்றோரப் பூங்காவுக்குப் போகிறார்களாம்.

அட விசரா. அந்தப் பூங்காவில் நிற்பது முழுக்க, தின்னக் கூடாத மற்றச் சாதி மறோன் மரம். தின்கிற கொட்டைக்கு நுனியில் ஒரு சின்னக் குடுமி இருக்கும். மற்றது மொட்டை, உருண்டு பளபளவென்று பார்க்க இன்னும் வடிவாக இருக்கும். தின்றால் வயிற்றைப் பிரட்டும். காட்டில் பொறுக்கியதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்து, தோலைக் கீறி, அதற்குப் பிறகுதான் நான் யாருக்கும் கொடுப்பேன். குடுமிக் கதையை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்னை யார் தேடுவார்கள்?

பொறுக்கட்டும். வாயில் வைத்தவுடன் கசந்து துப்புவார்கள். கரிகாலன் எல்லார் முன்னாலும் முழிப்பான். அதை நான் பார்க்க வேண்டும்.

5 ஒக்டோபர், சனி

எபினேயிலிருந்து மரியமலர் அக்கா போன் எடுத்தா. கொட்டை பொறுக்கும் நாளில் கடைசியாக எல்லாரும் அவ வீட்டுக்குப் போவதும், பலாக்கொட்டைக் கறி மாதிரித் தேங்காய்ப்பால் விட்டு அவ சமைப்பதும் எங்கள் வழக்கம். முழங்கால் வருத்தம், காட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் கீறிக் கொண்டுபோய்க் கொடுப்பதைத்தான் கண்டிருக்கிறா.

"நாளைக்கு நீர் வராட்டி எனக்குச் சமைக்கவே மனமில்லை, வாமு."

"அவங்கள் கொண்டு வருவாங்கள், அக்கா" என்றேன். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

6 ஒக்டோபர், ஞாயிறு

மத்தியானம் 1.20. மரியமலர் அக்காவிடமிருந்து ஒரு படம். அவவின் நீலப் பேசின் நிறைய மொட்டைக் கொட்டை. படம் மட்டும்தான், எழுத்து ஒன்றும் இல்லை. உன்னை விட்டாலும் எங்களுக்குக் கொட்டை கிடைக்கும் என்று காட்டுகிறாவாக்கும். அவவுமா?

"ஆரின்ர படம்?" என்று சாரதா கேட்டாள். "சங்கத்துக் குப்பை" என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். சோறு தின்றேன். படுத்தேன். நித்திரை வரவில்லை. எழும்பி இதை எழுதுகிறேன். துப்புவார்கள்தானே. அவ்வளவு கசப்பை யார் விழுங்குவார்கள்?

பின்னேரம் 5.40. கரிகாலன் எடுத்தான். அழுகிற குரல். "அண்ணை, அஞ்சு பேர் சத்தி எடுக்கினம். மரியமலர் அன்ரி விழுந்திட்டா. அவசர நம்பருக்கு அடிச்சிருக்கிறன், அம்புலன்ஸ் வருது."

"துப்பேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு அது விளங்கவில்லை. "கசந்ததுதான் அண்ணை. பாகற்காய்க்குச் செய்யிற மாதிரி உப்புப் போட்டுப் பிழிஞ்சு, ரெண்டாந்தரமும் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைச்சது. கசப்பெண்டால் சீனி வருத்தத்துக்கு நல்லதெண்டு எல்லாரும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவை."

பாகற்காய். இதை நான் யோசிக்கவில்லையே. வேறு சனமென்றால் முதல் வாயிலேயே துப்பியிருக்கும். எங்கட சனத்தை எனக்குத் தெரியாதா? பதினேழு வருஷம் கூட்டிக்கொண்டு திரிந்தவன், எனக்குத் தெரியாதா?

கொட்டையின் பிரெஞ்சுப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, டொக்டரிடம் அதைச் சொல்லச் சொன்னேன்.

7 ஒக்டோபர்

நாலு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

8 ஒக்டோபர்

"வாமண்ணை கொட்டையின்ர பேரைச் சொன்னபடியால்தான் டொக்டர்மாருக்கு உடன பிடிபட்டது. அவரை விட்டது எங்கட பிழை" என்று கரிகாலன் குழுவில் எழுதியிருக்கிறான். கீழே கும்பிடுகிற கைகள், முப்பத்தொன்று. எண்ணினேன். எண்ணிப் பார்த்திருக்கிறேனே, என்ன மனுசன் நான்.

12 ஒக்டோபர், சனி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டா. எபினேக்குப் போனேன். முகம் ஒடுங்கிப்போய்க் கட்டிலில் சாய்ந்திருந்தா. அப்பிள் கொண்டுபோயிருந்தேன். சொல்லத்தான் போனேன் — எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தேன் என்று. தொடங்க முதல் அவவே கதைத்தா.

"நான் உடன அடுப்பில வைக்கேல்லை, வாமு. கரிகாலன் வைப்பம் வைப்பம் எண்டு நிண்டவன். பொறு தம்பி, வாமுக்குப் படம் அனுப்பியிருக்கிறன், பிழையெண்டால் உடன எடுப்பார் எண்டனான். நீர் பாத்ததெண்டு ரெண்டு நீலக் கோடும் விழுந்தது. அரை மணித்தியாலம் போனைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தனான். நீர் எடுக்கேல்லை. அப்ப சரி எண்டு வைச்சம்."

அவ பெருமை காட்ட அனுப்பியதில்லை. என்னைக் கேட்டிருக்கிறா. எனக்காகக் காத்திருந்திருக்கிறா.

"நான் வடிவாப் பாக்கேல்லை, அக்கா" என்றேன்.

அவ என் முகத்தைப் பார்த்தா. "கண்ணாடி போடாமல் பாத்திருப்பீர்" என்றா. "ஓம்" என்றேன். பொய்யன். பொய்யன்தான் நான்.

20 ஒக்டோபர், ஞாயிறு

கரிகாலன் வீட்டுக்கு வந்தான். "இனி உலா முழுக்க நீங்கள்தான், அண்ணை." தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். போன மாதம் இதைக் கேட்டிருந்தால் துள்ளியிருப்பேன். சாரதா தேத்தண்ணி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் அன்றைக்கு நான் கவிழ்த்து வைத்த போனை மறக்கவில்லை.

சம்மதித்தேன்.

27 ஒக்டோபர்

இன்றைக்குக் குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினோம். அந்த ஞாயிறு 1.20க்குத் திரும்பிப் போக இந்த ஒரு மணித்தியாலம் போதாது.

10 நவம்பர், ஞாயிறு

கால்வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தாறு பேர். நல்ல வெயில், குளிர் கடுமை. பாலத்தடியில் இலை தண்ணீரை மூடிக் கிடந்தது. சனத்துக்குச் சந்தோஷம். போகுமுதல் ஒரு குடுமிக் கொட்டையையும் ஒரு மொட்டையையும் உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினேன். பதினேழு வருஷம் பொத்தி வைத்திருந்ததைச் சொல்ல இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

மரியமலர் அக்காவும் வந்தா, பொல்லு ஊன்றிக்கொண்டு. மெத்ரோ வாசலில் கடை வண்டிலில் மறோன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்கு ஒன்றை நானே பார்த்து எடுத்து நீட்டினேன்.

"இது சாப்பிடலாமோ, வாமு?"

"சாப்பிடலாம், அக்கா."

சனம் பகிடி என்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அதை வாயில் வைக்காமல், பக்கத்தில் நின்ற கரிகாலனிடம் நீட்டினா.

"தம்பி, நீயும் ஒருக்காப் பார்."

அவன் குடுமியைப் பார்த்து ஓம் என்ற பிறகுதான் உரித்துச் சாப்பிட்டா.