ரொமி உறுமினது

உருத்திரபுரம்
22.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில கதைச்சா ரெண்டுபேரும் கத்துறம். அதாலதான் எழுதுறன். வருசப்பிறப்புக்கு உங்கட வீட்டை வந்த நேரம் ரொமி கடிச்ச காயம் ஆறுது. கஜனியின்ர கன்னத்தில போட்ட நாலு தையலும் வெட்டியாச்சு. விசர்நாய் ஊசி இன்னும் ஒண்டு இருக்கு. நல்லாச் சாப்பிடுறாள். நாய் குரைக்கிற சத்தம் கேட்டால் மட்டும் என்ர சட்டையைப் பிடிச்ச பிடி விடுறாளில்லை.

இவர் ரொமியைக் கொல்லச் சொல்லுறார். நான் அதைக் கேக்கேல்லை. ஆனா அந்த நாய் அவிழ்த்துவிட்டபடி திரியிற வளவுக்குள்ள என்ர பிள்ளை இனிக் கால் வைக்காது. அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கும் வரமாட்டம். கோவிக்காதேங்கோ எண்டு எழுதமாட்டன். கோவியுங்கோ.

அன்புத் தங்கச்சி
நிரோஜா

முள்ளியவளை
29.04.2024

தங்கச்சி நிரோஜாவுக்கு,

பிள்ளை தேறினது சந்தோசம். மிச்சம் ஒண்டும் சந்தோசமில்லை.

உன்ர அத்தான் செத்து ஆறு வருசமா இந்த வளவில எனக்குத் துணை ரொமிதான். போன மாரியில வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்தவங்களைத் துரத்தினது நீயுமில்லை, உன்ர மனிசனுமில்லை. அவனைச் சங்கிலியில போட்டிட்டு நான் எப்பிடித் தனிய இருக்கிறது? எலும்பு கடிச்சுக்கொண்டிருந்த நாயிட்டப் பிள்ளை போகேக்க நீ போனைப் பாத்துக்கொண்டிருந்தனி. வராட்டி விடு.

தேனுகா

உருத்திரபுரம்
06.05.2024

அக்கா,

ஓம், போனைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அந்தப் பிழை என்ர. ஆனா கடிக்க முதல் அது உறுமினது. பிள்ளையும் பதிலுக்கு உறுமினாள். நீங்களும் நானும் சிரிச்சனாங்கள். 'கிட்ட வராதை' எண்டு அது சொன்னது வளர்ந்த ரெண்டு மனிசருக்கு விளங்கேல்லை. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எப்பிடி விளங்கும்?

சங்கிலி வேண்டாம். கட்டிப்போட்டா இன்னும் மூர்க்கம் கூடும். குசினிக்குப் பின்னால கம்பிவலை அடிச்சு, திறந்து பூட்ட ஒரு படலை போடுங்கோ. நாங்கள் நிக்கேக்க அது அங்க சாப்பிடட்டும், அங்க படுக்கட்டும். வெளியில வந்தா அதுக்கும் பிள்ளைக்கும் நடுவில எப்பவும் ஒரு பெரிய ஆள் இருக்கவேணும். நாங்கள் போன பிறகு வளவு முழுக்க ஓடட்டும், ஆர் வேண்டாமெண்டது? இதில ஒண்டு குறைஞ்சாலும் வரமாட்டன்.

நிரோஜா

முள்ளியவளை
27.05.2024

நிரோஜா,

பொங்கலுக்கு நீ வரேல்லை. பொங்கி உனக்கெண்டு எடுத்துவைச்ச புக்கையைப் பக்கத்து வீட்டு அப்புத்துரை அண்ணைக்குக் குடுத்திட்டன்.

படலை போட்டாச்சு. நீ சொன்னதுக்காக இல்லை. கொழுக்கி என்ர நெஞ்சு உயரத்தில இருக்கு. பிள்ளைக்கு எட்டாது.

ஒண்டு உன்னட்ட மறைச்சனான். நீங்கள் வாறதுக்கு முதல் கிழமை அப்புத்துரை அண்ணையின்ர பேத்தி ரொமியின்ர சாப்பாட்டுக் கோப்பையில கை வைச்சவள். ரொமி பல்லைக் காட்டினவன். அவள் அழுதுகொண்டு ஓடிட்டாள். சொன்னா நீ வரமாட்டாய் எண்டு சொல்லேல்லை. தையல் போடேக்க கஜனியின்ர காலைப் பிடிச்சுக்கொண்டிருந்தது நான். அவள் கத்தினது இன்னும் காதுக்குள்ள நிக்குது. எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வராது. உனக்கும் தெரியும்.

தேனுகா

உருத்திரபுரம்
03.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசிப் பந்தியை மூண்டுதரம் வாசிச்சன். வந்த கோவம் இன்னும் போகேல்லை. பஸ்ஸில ஏறினாலும் போகாது.

சனிக்கிழமை வாறம். வந்த உடனை படலையை நானே இழுத்துப் பாப்பன். ரொமியில வைச்சிருக்கிற கண்ணை இனி உங்களிலயும் வைச்சிருப்பன். பழகிக்கொள்ளுங்கோ.

உங்கட தங்கச்சி
நிரோஜா